சாப்பாட்டு ரியூப் கழன்றால்: மூக்கா, வயிறா?

ஹைலெவல் வீதியில் முதல் பஸ்கள் ஓடத் தொடங்கும் நேரம். கிருலப்பனையில் ஒரு மாடிவீடு. பாரிசவாதத்தில் படுத்திருக்கும் அப்பப்பாவின் சட்டைப் பொத்தானில் சிக்கிய ரியூப், தலையணையில் கிடக்கிறது. கண்டவருக்கு அதை வந்த வழியாலேயே திரும்பச் செருகத்தான் கை போகும். அதைச் செய்யவேண்டாம். முதலில் பார்க்கவேண்டியது, கழன்றது மூக்கு ரியூப்பா, வயிற்று ரியூப்பா என்பதை.

மூக்கு ரியூப் முழுதாக வந்துவிட்டால் பதறத் தேவையில்லை. பாலை நிறுத்தி, தலைமாட்டை உயர்த்திவிட்டு, அன்றே வைத்தியசாலைக்குப் போகலாம். பாதி கழன்ற ரியூப்தான் பொல்லாதது. மூக்கருகே போட்ட அடையாளம் வெளியே நகர்ந்திருந்தால், நுனி தொண்டையில் நிற்கலாம். அதில் ஊற்றும் பால் சுவாசப்பைக்குள் இறங்கிவிடும். இருமல் நிற்காமல் மூச்சுத் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

புது ரியூப் போட்டபின் காற்றை ஊதி, வயிற்றில் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். ரியூப் சுவாசப்பையில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கக்கூடும். 2005இலேயே பிரித்தானிய நோயாளர் பாதுகாப்பு முகமை இதை நம்பவேண்டாம் என்று எச்சரித்தது. ரியூப்பால் உறிஞ்சி எடுத்த நீரின் pH அளவு 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்கவேண்டும், இல்லையேல் எக்ஸ்ரே.

வயிற்று ரியூப்புக்கு வேறு கணக்கு. வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் அதைப் பொருத்தும் முறையை 1980இல் உலகுக்கு அறிவித்தவர்கள் அமெரிக்க வைத்தியர்களான கோடரரும் பொன்ஸ்கியும். ரியூப் கழன்றதும் அது இருந்த வயிற்றுத் துளை சில மணித்தியாலங்களிலேயே சுருங்கத் தொடங்கும். (1822இல் துப்பாக்கிச் சூடு பட்ட அலெக்சிஸ் சென்ட் மார்ட்டினின் வயிற்றுத் துளை மூடவே இல்லை, போமொன்ட் என்ற வைத்தியர் அதனூடாகச் சமிபாட்டையே ஆராய்ந்தார். அது அபூர்வம்.) ஆகவே கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் உடனே புறப்படுங்கள். கிருலப்பனைக்காரருக்குக் களுபோவில போதனா வைத்தியசாலை தூரமில்லை.

அவசரம்தான், ஆனாலும் நீங்களே செருகாதீர்கள். பொருத்தி நாலு வாரம் ஆகாவிட்டால் இரைப்பை வயிற்றுச் சுவரோடு சரியாக ஒட்டியிருக்காது. கண்ணை மூடிக்கொண்டு தள்ளும் ரியூப் இரைப்பையைத் தவறவிட்டு வயிற்றறைக்குள் போகக்கூடும். அங்கே பால் ஊற்றினால் உயிருக்கே ஆபத்து. பழைய துளையென்றால், மாற்று ரியூப் வைக்கத் தாதியிடம் முறையாகப் பழகியவர்கள் மட்டும் சொல்லித்தந்தபடி செய்யலாம். அப்போதும் இடம் சரியென்று உறுதியாகும்வரை எதையும் ஊற்றக்கூடாது. மற்றவர்கள் துளையைச் சுத்தமான கோஸ் துணியால் மூடினால் போதும்.

கழன்ற ரியூப்பை எறியாதீர்கள். அளவு அதிலேயே அச்சிட்டிருக்கும். ஒரு பையில் போட்டு டயக்னோசிஸ் காட்டோடு கொண்டுபோங்கள். பொருத்திய திகதி அந்தக் காட்டில் இல்லையென்றால், இன்றைக்கே குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள். வைத்தியர் முதலில் கேட்பவற்றில் அதுவும் ஒன்று.

பசிக்குமே என்று வாயால் தேநீர் கொடுப்பதும் வேண்டாம். விழுங்க முடியாததால்தானே ரியூப் போட்டார்கள். வலிப்பு மாத்திரை தவறினால் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். காலையில் இன்சுலின் ஏற்றிவிட்டுப் பால் கொடுக்கவில்லையென்றால், சீனி மளமளவென்று இறங்கும். வாகனம் வரும்வரை விரலில் குத்திச் சீனியைப் பார்த்துக்கொண்டிருங்கள்.