கண்ணாடி உடைந்தால்தான் கேமரா வரும்

இடுக்கி, பாலக்காடு எல்லைப் பகுதிகளில் மாணவர் போராட்டம் என்றால் டி.வி. காட்டுவது இரண்டே முகங்கள்: கல் எறிபவர், பிணமாகக் கிடப்பவர். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மாணவரை யாரும் கேட்பதில்லை.

2018 ஜூலை முதல் வாரத்தில் மலையாள டி.வி. சேனல்களில் ஒரு தமிழ்க் குரல் திரும்பத் திரும்ப ஒலித்தது. 'நான் பெத்த மகனே' என்று கதறிய அந்தத் தாய், இடுக்கி மாவட்டத்தின் தமிழக எல்லையில் உள்ள வட்டவடையைச் சேர்ந்தவர். மகன் அபிமன்யு, 20, எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவர். ஜூலை 2-ம் தேதி, நள்ளிரவு கடந்த நேரத்தில் கல்லூரி அருகே குத்திக் கொல்லப்பட்டார். மொழிபெயர்ப்பே தேவைப்படாத அந்த அழுகை சில நாட்களில் கோஷமாக மாறியது. அடுத்த ஆண்டு ஒரு மலையாள சினிமாவின் பெயராகவும் ஆகிவிட்டது.

மூணாறிலிருந்து 45 கி.மீ. தூரத்தில் இருக்கும் வட்டவடை, பல தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து மலையேறி வந்தவர்களின் ஊர். கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு விளையும் பூமி. அபிமன்யு கடைசியாக ஊரிலிருந்து எர்ணாகுளம் திரும்பியதும் ஒரு காய்கறி லாரியில்தான். படிப்புக்காக 170 கி.மீ.க்கு மேல் மலையிறங்க வேண்டிய அந்த மாணவருக்கு, எஸ்.எஃப்.ஐ. என்ற மாணவர் அமைப்பு வெறும் கொடி அல்ல. ஊர் விட்டு வந்தவருக்கு அதுதான் உறவு, மேடை, முகவரி.

கொலைக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது ஒரு சுவர். முதலாண்டு மாணவர்களை வரவேற்க எஸ்.எஃப்.ஐ. பிடித்து வைத்திருந்த சுவரில் கேம்பஸ் ஃப்ரண்ட் எழுதியது. அதன் மேல் 'வகுப்புவாதம் ஒழிக' என்ற பொருளில் இவர்கள் எழுதினார்கள். மோதல் மூண்டது. பாப்புலர் ஃப்ரண்ட்டின் மாணவர் பிரிவான கேம்பஸ் ஃப்ரண்ட்டைச் சேர்ந்தவர்களும் வெளியாட்களும் சேர்ந்து குத்தினார்கள் என்பது போலீசின் குற்றச்சாட்டு. இந்த இரு அமைப்புகளையும் மத்திய அரசு 2022 செப்டம்பரில் தடை செய்தது.

ஆனால் வழக்கு நத்தை வேகத்தில்தான் நகர்ந்தது. குற்றப்பத்திரிகை, பிரேதப் பரிசோதனை அறிக்கை உள்ளிட்ட ஆவணங்கள் எர்ணாகுளம் நீதிமன்றத்திலிருந்தே காணாமல் போயிருந்தது 2024 மார்ச்சில் வெளியே தெரிந்தது. நகல்களை வைத்துக் கோப்பை மறுபடி உருவாக்க வேண்டியதாயிற்று. 2018-ல் கொலையைக் காட்டக் கல்லூரி வாசலில் குவிந்த கேமராக்கள், அந்தக் கோப்பின் பின்னால் ஆறு ஆண்டுகள் நடக்கவில்லை.

போலீஸ் எங்கே இருந்தது?

மூன்றரை ஆண்டுகள் கழித்து, அதே இடுக்கி மாவட்டத்தின் தலைநகரான பைநாவில் இன்னொரு கொலை. 2022 ஜனவரி 10, அரசு பொறியியல் கல்லூரியில் யூனியன் தேர்தல் நாள். கண்ணூர் மாவட்டம் தளிப்பறம்பிலிருந்து வந்து படித்த தீரஜ் ராஜேந்திரன், 21, கல்லூரி வாசலருகே கத்திக்குத்துக்குப் பலியானார். அன்றே கைதானவர் அந்தக் கல்லூரி மாணவர் அல்ல. இளைஞர் காங்கிரஸ் நிர்வாகி. தேர்தலுக்காகப் போலீஸ் பக்கத்திலேயே இருந்தும், ரத்தம் ஒழுகக் கிடந்தவரை ஜீப்பில் ஏற்ற மறுத்துவிட்டது என்று எஸ்.எஃப்.ஐ. மாணவர்கள் குற்றம் சாட்டினார்கள். காயம்பட்டவர்கள் ஒரு தனியார் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

கேரள மாணவர்களுக்குப் போலீஸ் மீதுள்ள அவநம்பிக்கைக்கு நீண்ட சரித்திரம் உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மார்ச் 1-ம் தேதி, கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன் பிடித்துச் செல்லப்பட்டார். கக்கயம் போலீஸ் முகாமுக்குப் போனவர் திரும்பவே இல்லை. தந்தை ஈச்சர வாரியர் தொடுத்த ஆட்கொணர்வு மனுவால், 1977 ஏப்ரலில் முதல்வர் பதவியையே இழந்தார் கே. கருணாகரன். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் கேரள வளாகங்களில் போலீஸ் வேன் நுழைந்தால் எழும் முதல் பெயர் ராஜன்தான்.

மாணவர்களின் புகாரைச் சுருக்கினால் இதுதான்: கூட்டம் கலைக்க வரும் போலீஸ் சரியான நேரத்துக்கு வருகிறது. உயிர் காக்க வேண்டிய போலீஸ் வருவதில்லை. துண்டுப் பிரசுரம் தேடும் போலீஸோ நடுராத்திரியிலும் வந்துவிடுகிறது.

கடைசியாகச் சொன்னதற்கு உதாரணம் பாலக்காடு மாவட்டத்திலிருந்து தொடங்குகிறது. கோவை எல்லையை ஒட்டிய அட்டப்பாடியின் மஞ்சக்கண்டி காட்டில், 2019 அக்டோபர் 28, 29 தேதிகளில் நான்கு மாவோயிஸ்ட்கள் கேரளத்தின் தண்டர்போல்ட் படையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் மணிவாசகம் சேலம் மாவட்டத்துக்காரர். 'இது போலி என்கவுன்டர்' என்று எதிர்ப்புகள் கிளம்பின. சில நாட்களில், நவம்பர் 1 இரவு, கோழிக்கோடு அருகே பந்தீராங்காவில் அலன் சுஹைப், தாஹா ஃபசல் என்ற இரு மாணவர்கள் கைதானார்கள். ஒருவர் சட்டம் படித்தார், மற்றவர் இதழியல். மாவோயிஸ்ட் பிரசுரங்கள் வைத்திருந்ததாகச் சொல்லி, சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் பாய்ந்தது.

விசித்திரம் என்னவென்றால், இருவருமே அப்போது ஆட்சியிலிருந்த மார்க்சிஸ்ட் கட்சியின் உறுப்பினர்களாக இருந்தவர்கள். அந்தச் சட்டத்தை டெல்லியில் எதிர்க்கும் கட்சி அது. ஆனால் முதல்வர் பினராயி விஜயனோ, டீ குடிக்கப் போனதற்காக அவர்களைப் பிடிக்கவில்லை என்று போலீசுக்கு வக்காலத்து வாங்கினார். அதன் பிறகு செய்திகளில் அவர்கள் மாணவர்கள் அல்ல, 'மாவோயிஸ்ட் தொடர்புடைய இளைஞர்கள்'. 2021 அக்டோபர் 28-ல், மஞ்சக்கண்டிச் சம்பவத்துக்குச் சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, உச்ச நீதிமன்றம் அலனின் ஜாமீனை உறுதி செய்து தாஹாவுக்கும் ஜாமீன் தந்தது. தடை செய்யப்பட்ட அமைப்போடு தொடர்பு, அதன் பிரசுரங்களைக் கையில் வைத்திருப்பது என்பவை மட்டுமே அந்தச் சட்டத்தின் குற்றப் பிரிவுகளுக்குப் போதாது என்றது தீர்ப்பு. கைது தலைப்புச் செய்தி. இந்த விளக்கம் எத்தனை வீடுகளை எட்டியது?

ஒரு தாயும் ஒரு விளம்பரமும்

பாலக்காடு மாவட்டத்தின் லக்கிடி ரயில் நிலையத்தில் இறங்கி பாரதப்புழையைத் தாண்டினால் திருவில்வாமலை, பாம்பாடி. மாவட்டக் கணக்கில் திருச்சூர். அங்குள்ள நேரு பொறியியல் கல்லூரி விடுதியில் 2017 ஜனவரி 6-ம் தேதி முதலாண்டு மாணவர் ஜிஷ்ணு பிரணாய், 18, தூக்கில் தொங்கிய நிலையில் காணப்பட்டார். தேர்வில் காப்பி அடித்துப் பிடிபட்டார் என்றது நிர்வாகம். அப்படி எந்தப் புகாரும் வரவில்லை என்றது பல்கலைக்கழகம். துன்புறுத்தினார்கள் என்றார்கள் சக மாணவர்கள்.

மூன்றாம் நாள் மாணவர் அமைப்புகள் கல்லூரிக்குள் புகுந்தன. கண்ணாடிகள் நொறுங்கின, மேஜை நாற்காலிகள் பறந்தன. டி.வி.க்குக் காட்சி கிடைத்தது. அந்தக் காட்சியை வைத்து 'வன்முறை மாணவர்கள்' என்று ஒரு தரப்பு எழுதியது. ஆனால் அதற்குப் பிறகுதான் மாநிலத்தின் சுயநிதிக் கல்லூரிகளில் அபராதம், மிரட்டல், அடக்குமுறை பற்றி மற்ற மாணவர்களும் வாய் திறந்தார்கள். சுயநிதிக் கல்லூரிகளின் நிலையை ஆராய நீதிபதி கே.கே. தினேசன் கமிஷனை அரசு அமைத்தது. ஜிஷ்ணு வழக்கு சி.பி.ஐ. வசம் போய், கல்லூரியின் அப்போதைய துணை முதல்வர் உட்பட இருவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. கண்ணாடி உடையாமல் இதெல்லாம் நடந்திருக்குமா என்பது மாணவர்களின் கேள்வி. சங்கடமான கேள்விதான்.

நியாயம் கேட்டு 2017 ஏப்ரல் 5-ம் தேதி திருவனந்தபுரத்தில் போலீஸ் தலைமையகம் முன் உட்கார வந்த ஜிஷ்ணுவின் தாயைப் போலீஸ் ரோட்டிலிருந்து இழுத்து அகற்றியது. கல் எறியவில்லை, கண்ணாடி உடைக்கவில்லை. அந்தக் காட்சி கேரளத்தை உலுக்கியது. அதற்கு அரசு சொன்ன பதில் அபூர்வமானது: 'பிரசாரம் எது, உண்மை எது' என்ற ரீதியில் பத்திரிகைகளில் அரசுப் பணத்தில் விளம்பரம். உண்ணாவிரதம் இருந்த ஒரு தாய்க்கு எதிராக ஓர் அரசின் விளம்பரம்!

அந்த ஜனவரியில்தான் சென்னை மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக லட்சக்கணக்கானவர்கள் கூடினார்கள். ஆறு நாட்கள் குப்பையைக்கூடப் பொறுக்கிய 'ஒழுக்கமான மாணவர்கள்' என்று பாராட்டிய அதே ஊடகங்களில், ஜனவரி 23-ல் போலீஸ் தடியடியில் இறங்கியதும் 'சமூக விரோதிகள் ஊடுருவல்' என்ற போலீஸ் வாசகம் ஓடியது. போலீசாரே வாகனங்களுக்குத் தீ வைப்பதுபோன்ற செல்போன் காட்சிகள் வந்த பிறகுதான் கதை மாறியது. எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பாடம் ஒன்றே.

யாருடைய தியாகி?

கேரளத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. பல ஊடகங்கள் கட்சிகளுடையவை அல்லது கட்சிச் சார்புள்ளவை. மார்க்சிஸ்ட்டுக்கு தேசாபிமானி, கைரளி. காங்கிரசுக்கு வீக்ஷணம், ஜெய்ஹிந்த். சங்கப் பரிவாரத்துக்கு ஜன்மபூமி, ஜனம். ஒரே மரணம் ஒன்றில் தியாகம், மற்றொன்றில் கோஷ்டித் தகராறு. மாணவரின் பெயரைவிடக் கொடியின் நிறம் முக்கியமாகிவிடுகிறது.

மாணவர் அமைப்புகளும் இதில் அப்பாவிகள் அல்ல. 2019 ஜூலையில் திருவனந்தபுரம் யுனிவர்சிட்டி கல்லூரியில் எஸ்.எஃப்.ஐ. மாணவர் ஒருவரைக் குத்தியதாகக் கைதானவர்கள் அதே எஸ்.எஃப்.ஐ. கிளையின் நிர்வாகிகள். அவர்கள் போலீஸ் கான்ஸ்டபிள் தேர்வுப் பட்டியலில் முன்வரிசையில் இருந்தது தெரிந்து, அந்தத் தேர்வில் நடந்த மோசடியும் அம்பலமானது. 2024 பிப்ரவரியில் வயநாடு பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் சித்தார்த்தன் என்ற மாணவர் கொடூரமாகத் தாக்கப்பட்டு இறந்த வழக்கிலும் எஸ்.எஃப்.ஐ. பொறுப்பாளர்கள் குற்றம் சாட்டப்பட்டார்கள். ஒரே அமைப்பு கோட்டை கட்டி வைத்திருக்கும் வளாகத்தில் மற்றவர்கள் மூச்சு விட முடியாது என்பது கே.எஸ்.யு., ஏ.பி.வி.பி. போன்ற எதிரணிகளின் பழைய புகார்.

நீதிமன்றம் சொல்லும் மருந்து தடை. பாலா செயின்ட் தாமஸ் கல்லூரி வழக்கில் 2003-ல், பொன்னானி எம்.இ.எஸ். கல்லூரி வழக்கில் 2017-ல், மறுபடியும் 2020 பிப்ரவரியில் என்று கேரள உயர் நீதிமன்றம் வளாக அரசியலுக்கும் ஸ்டிரைக்குக்கும் கடிவாளம் போட்டது. படிக்க வரும் மாணவரின் உரிமையைக் காப்பதே நோக்கம் என்றது. ஆனால் ஜிஷ்ணு படித்ததும் நிர்வாகத்தின் பிடி இறுகிய சுயநிதிக் கல்லூரியில்தான். புகார் சொல்ல அங்கே எந்த வாசல் திறந்திருந்தது என்ற கேள்விக்கு இந்தத் தீர்ப்புகளில் விடை இல்லை.

வட்டவடைக்கே திரும்பினால், அபிமன்யுவின் குடும்பத்துக்குக் கட்சி கட்டிய புது வீட்டின் சாவியை 2019 ஜனவரியில் முதல்வரே வந்து கொடுத்தார். ஊரில் அவர் பெயரில் நூலகம் உருவானது. நல்ல காரியங்கள்தான். ஆனால் அபிமன்யு இறந்த அடுத்த மாதம், 2018 ஆகஸ்ட் மழையில் மண் சரிந்து மூணாறு அரசுக் கல்லூரிக் கட்டடம் நாசமானது. எஸ்டேட் தொழிலாளர்களின் பிள்ளைகள் தமிழில் பட்டம் படிக்கக்கூடிய மலைக் கல்லூரி அது. அதன் பிறகு பல ஆண்டுகள் வகுப்புகள் தற்காலிக அறைகளில்தான் நடந்தன. அதற்காக யாரும் கத்தி எடுக்கவில்லை, கண்ணாடி உடைக்கவில்லை. மாணவர்கள் கட்டடம் கேட்டார்கள், அவ்வளவுதான்.