வலைத்தள முகப்புப் படமும் எழுத்தும்

வலைத்தள முகப்பின் மேற்பகுதியில் பெரும்படமொன்றை விரித்து, அதன்மேற் சில சொற்களைப் பொறித்தல் இன்றைய வழக்காகும். அச்சொற்களைப் படத்தின் பகுதியாகவே வரைந்துவிடின், திரையிலுள்ளதை ஒலியாக்கிப் படிக்கும் மென்பொருள் அவற்றை எழுத்தென அறிதல் உறுதியன்று; பார்வையற்றோர் வாயிலிலேயே நின்றுவிட நேரும். ஆதலின், சொற்களை எழுத்தாகவே அமைத்தலும், பொருளுணர்த்தும் படத்திற்கு மாற்றுரை தருதலும் இன்றியமையாதன.

இனி, பார்வை குறைந்தோர் நிலையை நோக்குவாம். 2008இல் வெளிவந்த வலை உள்ளடக்க அணுகல் நெறிமுறைகளின் இரண்டாம் பதிப்பு, தன் மூன்று தரங்களுள் இடைத்தரத்திற்கு, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையேயுள்ள ஒளிவேறுபாடு 4.5:1 என்னும் விகிதத்திற்குக் குறையலாகாது எனவும், பேரெழுத்தாயின் 3:1 போதும் எனவும் வகுத்தது. படத்தின் ஒளியோ இடந்தோறும் வேறுபடும். ஆகவே, வெள்ளெழுத்தாயின் அதன் பின்னேயுள்ள மிக வெளிறிய இடத்திலேயே இதனை அளத்தல் வேண்டும். குறையின், இடையே கருநிழற் படலம் இடலாம். வருவோரைத் தடுக்கும் முகப்பு, எத்துணை அழகியதாயினும், முகப்பாகாது என்பதே எம் துணிபு.