எஞ்சின் விளக்கும் இல்லத்துச் செலவும்

காரின் முன்பலகையில் எஞ்சின் வடிவில் மஞ்சள் விளக்கு ஒன்று உண்டு. சாவியைத் திருப்பியதும் எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடுவதே அதன் இயல்பு. அணையாமல் நின்றெரியுமாயின் கவலை பிறக்கின்றது. பழகிய மெக்கானிக்கை ஊரில் விட்டுவிட்டு, தில்லியிலோ புனேயிலோ கொல்கத்தாவிலோ குடியிருக்கும் நம்மவர்க்கு அக்கவலை இரட்டிப்பாகும். பட்டறைக்காரர் நமக்கு அரைகுறையாய் விளங்கும் மொழியில், "சென்சர் போய்விட்டது, மாற்றவேண்டும்" என்று தீர்ப்புக் கூறிவிடுவார். செலவு சில ஆயிரம் ரூபாய். மாற்றிய மறுவாரமே விளக்கு மீண்டும் எரிவதும் உண்டு. அந்தத் தொகை பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திற்கோ, ஊருக்குச் செல்லும் ரயில் சீட்டுகளுக்கோ ஒதுக்கியதாய் இருக்கலாம் அன்றோ? ஆகவே, பணத்தை எடுத்து நீட்டுமுன் அறியவேண்டியவற்றை இங்கே ஆராய்வோம்.

எஞ்சினைச் சுற்றிலும் பல சென்சர்கள் இருப்பினும், பெட்ரோல் கார்களில் அடிக்கடி பழி சுமப்பது ஆக்ஸிஜன் சென்சரே. எரிந்து வெளியேறும் புகையில் பிராணவாயு எவ்வளவு மிஞ்சியுள்ளது என்பதை அது அளந்து, எஞ்சினை ஆளும் கணினிக்கு அறிவிக்கின்றது. அதற்கேற்பக் கணினி பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும். இந்த உறுப்பு பழுதுற்றால் வண்டி நின்றுவிடுவதில்லை. ஆனால் பெட்ரோல் வீணாகும். புகைச் சான்றிதழ் பெறுவதும் கடினமாகலாம்.

நம் நாட்டில் 2013 ஏப்ரல் முதல் பாரத் நான்காம் நிலைக் கார்களிலும், 2020 ஏப்ரல் முதல் ஆறாம் நிலைக் கார்களிலும், பழுதினை எண்ணாகப் பதிந்து வைக்கும் ஏற்பாடு இரண்டாம் படி வடிவில் உள்ளது. ஸ்டியரிங்கிற்குக் கீழே பதினாறு துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். கைத்தொலைபேசியுடன் புளூடூத் வழியே இணையும் சிறு கருவியை அதில் செருகினால் அந்த எண்ணைப் படிக்கலாம். கருவியின் விலை சில நூறு ரூபாயிலிருந்து தொடங்குகின்றது. பி 0135 என்னும் எண் தில்லியிலும் அதுவே, திருநெல்வேலியிலும் அதுவே. பட்டறைக்காரருக்கும் நமக்கும் பொதுமொழி இல்லாதபோது இந்த எண்ணே பொதுமொழியாகின்றது.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. அந்த எண் சுட்டுவது ஒரு மின்வழியையே. குற்றவாளி இன்ன உறுப்பு என்று அது கூறுவதில்லை. பி 0135 என்றால் முன்புறச் சென்சரின் சூடேற்றும் கம்பிக்குரிய மின்வழியில் குறை. ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் சூடேறினால்தான் அந்தச் சென்சர் வேலை செய்யும். அதற்காகவே உள்ளே ஒரு சூடேற்றி வைத்துள்ளனர். அதற்குச் செல்லும் ஃபியூஸ் எரிந்திருக்கலாம். இணைப்பில் மழைநீர் புகுந்து பச்சை பூத்திருக்கலாம். எலி கம்பியைக் கடித்திருக்கலாம். அடுக்குமாடிகளின் கீழ்த்தள நிறுத்துமிடங்களில் எலிகள் செய்யும் சேதம் கொஞ்சமன்று! மல்டிமீட்டரால் சூடேற்றியின் தடையை அளந்தால், நல்ல சென்சரில் பெரும்பாலும் சில ஓம் முதல் பதினைந்து ஓம் வரை காட்டும். முடிவிலி காட்டினால் உள்கம்பி அறுந்தது உறுதி. அப்போது மாற்றியே ஆகவேண்டும்.

பி 0171 என்பது மற்றொரு வகை. எரிகலவையில் காற்று மிகுதி என்பதே இதன் பொருள். காற்றுக்குழாயில் வெடிப்பு, சென்சருக்கு முன்னால் புகைக்குழாயில் கசிவு ஆகியவற்றை முதலில் தேடவேண்டும்; உண்மையைக் கூறும் சென்சரைத் தண்டிப்பதில் பயன் என்ன? பி 0420 தோன்றினால் பின்புறச் சென்சரை மாற்றச் சொல்வோர் பலர். அது புகையைத் தூய்மைசெய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் தளர்ச்சியைச் சுட்டும் எண்ணாகும். விளக்கு நின்றெரியாமல் விட்டுவிட்டு மின்னுமானால் தாமதிக்கக் கூடாது. பெட்ரோல் எரியாமலே வெளியேறி அந்தக் கன்வெர்ட்டரைச் சிதைக்கக்கூடும். சென்சரைவிட அதன் விலை பன்மடங்கு.

மாற்றுவது உறுதியாயின், உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்று முதலில் பார்க்க. முடிந்திருப்பின் பழைய சென்சரின் மேல் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டு தில்லி காஷ்மீரி கேட்டிலோ பெங்களூர் ஜே.சி. ரோட்டிலோ விசாரிக்கலாம். கார் நிறுவனத்தின் உறையில் வருவதும் பாஷ், டென்சோ, என்.ஜி.கே. போன்றோர் தம் பெயரிலேயே விற்பதும் பல சமயம் ஒரே தொழிற்சாலைச் சரக்காக இருக்கும், விலையில்தான் வேறுபாடு. போலிகளும் உலவுவதால் ரசீது இன்றி வாங்கலாகாது. சென்னைப் புதுப்பேட்டையை அறிந்தவர்க்குத் தில்லி மாயாபுரியும் கொல்கத்தா மல்லிக் பஜாரும் புதுமையல்ல. இணைப்பியோ கம்பித் துண்டோ அங்கே வாங்குவது சிக்கனம். பழைய ஆக்ஸிஜன் சென்சரை வாங்குவது சிக்கனமன்று; அது உழைத்துத் தேயும் பொருள்.

எல்லா வண்டிக்கும் பொருந்தும் என விற்கப்படும் பொதுச் சென்சரின் விலை குறைவே. அதில் பழைய இணைப்பியை வெட்டி ஒட்டவேண்டும். ஒப்பிடுதற்கு வேண்டிய வெளிக்காற்றைக் கம்பிகளின் உள்வழியே பெறும் சென்சர்கள் பல. பற்றாசு வைத்தால் அந்த வழி அடைபடக்கூடும் என்பதால் நெருக்கிப் பிணைப்பதே முறை. இதில் பழகாத பட்டறையாயின், சற்றுக் கூடுதல் விலை கொடுத்து இணைப்பியுடன் வருவதையே வாங்குவது நலம் என்பது நம் கருத்து.

பொருத்துவது அரைமணி வேலை. குழாய் ஆறியபின், துரு நீக்கும் எண்ணெய் தெளித்து, பக்கவாட்டில் பிளவுள்ள 22 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனரால் கழற்றுவர். புதியதன் முனையில் எண்ணெயோ கிரீஸோ கைவிரலோ படலாகாது; அருகில் சிலிக்கான் பசையும் வேண்டாம், அதன் ஆவி சென்சரைக் கெடுக்கும். வேலையை ஒப்படைக்கும்போதே, "புரானா பார்ட் வாபஸ் சாஹியே" என்று கூறிவிடுக. பழைய உறுப்பைக் கையில் தரவேண்டும் என்பதறிந்தால் பட்டறையில் கவனம் கூடும். பின்னர் எண்ணை அழித்து, நகரிலும் நெடுஞ்சாலையிலுமாக இரண்டு மூன்று நாள் ஓட்டி, விளக்கு எரியவில்லை எனக் கண்டபின் புகைச் சான்றிதழுக்குச் செல்லலாம்.