மருந்து இலவசம், கூலி?

கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டிலே மூட்டை சுமக்கும் தொழிலாளி ஒருவரை நேயர்கள் மனத்தில் கொள்வார்களாக. அவருக்குக் குடலிலே புற்று. அது ஈரலுக்கும் பரவிவிட்டதென்று வைத்தியர் கூறுகிறார். இனி அவருக்கு என்ன வழி?

நோய் பரவிவிட்டால் காரியம் முடிந்ததென்று ஜனங்கள் எண்ணுவது பிசகு. 1957-ல் அமெரிக்க விஞ்ஞானி ஹைடல்பெர்கரும் அவர் தோழர்களும் வெளியிட்ட புளூரோயுரேசில் என்னும் மருந்தே இன்றும் இச்சிகிச்சைக்கு அஸ்திவாரம். அதனுடன் ஆக்ஸாலிபிளாட்டின் அல்லது ஐரினோடீகான் சேர்க்கப்படுகிறது. கட்டியின் ஜீன்களைப் பரிசோதித்து, பொருந்துவோருக்கு செடுக்சிமாப் போன்றவற்றையும் கொடுப்பதுண்டு. மருந்தின்றிச் சில மாதங்களில் முடியக்கூடிய ஆயுள், பலருக்கு 2 ஆண்டுகளுக்கு மேலும் நீள்கிறது. ஈரலில் மட்டும் பரவியவர்களில் சிலருக்குக் கட்டி சுருங்கி, சத்திர சிகிச்சையால் பூரண குணமும் கிட்டுகிறது.

ஆனால் எந்த மருந்து என்பதை நோய் மட்டும் தீர்மானிப்பதில்லை. புளூரோயுரேசிலை 14 நாட்களுக்கு ஒரு முறை, சுமார் 46 மணி நேரம் நரம்பின் வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றவேண்டும். அதற்குப் பதிலாக கேப்சிடபீன் மாத்திரையை வீட்டிலேயே உண்ணலாம். 21 நாட்களுக்கு ஒரு முறை ஆஸ்பத்திரிக்குச் சென்று ஊசி மருந்து ஏற்றிக்கொண்டால் போதும். கூலி நாட்கள் மிச்சமாகும். எனினும் அம்மாத்திரையால் அநேகருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து வெடிக்கின்றன. ஆக்ஸாலிபிளாட்டினோ விரல்களை மரத்துப்போகச் செய்கிறது. மூட்டை தூக்குபவனுக்குக் கையன்றோ மூலதனம்! ஆதலின் வைத்தியர் நோயாளியின் தொழிலைக் கேட்டறிந்தே மருந்தைத் தேர்தல் வேண்டும்; சாதக பாதகங்களை அவருக்கு விளங்கும் தமிழில் எடுத்துரைத்தலும் வேண்டும்.

மருந்துச் செலவுக்கு வழி இருக்கிறது. ஸ்டான்லி ஆஸ்பத்திரி கொருக்குப்பேட்டைக்கு அருகிலேயே உள்ளது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இவற்றை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அவர் ஊசி ஏற்றிக்கொண்டு படுத்திருக்கும் நாட்களில் வீட்டில் அடுப்பு எரிய வழி யாது? மருந்து இலவசமாயிருந்தும் கூலி போய்விடுமென்று அஞ்சிப் பாதியில் சிகிச்சையை விட்டால், அம்மருந்தால் யாருக்குப் பயன்?

க்ஷய ரோகிகளுக்கு இந்திய சர்க்கார் 2018 முதல் போஷாக்குக்காக மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்து, 2024-ல் அதை 1,000 ஆக உயர்த்தினர். பணம் சிறிதாயினும் கொள்கை பெரிது. நோயாளி உண்பதும் சிகிச்சையின் பகுதியே என்று சர்க்காரே ஒப்புக்கொண்டுவிட்டனர். அந்நியாயம் புற்றுநோயால் வேலையிழந்த தொழிலாளிக்கு மட்டும் ஏன் பொருந்தாது? சிகிச்சைக் காலம் முழுவதும் அவருக்கு உதவித் தொகை அளிக்கவேண்டுமென்று சர்க்காரை வற்புறுத்துகிறோம்.

தேசத் தொண்டர்களுக்கும் தொழிற்சங்க அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. மலத்தில் இரத்தம் கண்டவரை, மூலமென்று காலம் கடத்தவிடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கு அதைப் பெற்றுக் கொடுங்கள். மேடைப் பிரசங்கத்தைக் காட்டிலும் அது பெரிய தேச சேவையாகும்.