மணலைக் கட்டிப்போடும் கொடி

சித்திரை மாத நண்பகலில் காரைக்கால் கடற்கரையில் வெறுங்காலோடு நடக்க முடியாது. மழை நின்று மாதங்கள் ஆகியிருக்கும். மேல்மணலைக் கையால் அள்ளினால் விரலிடுக்கில் பொடிப்பொடியாய் உதிரும். மீனவர் குப்பங்களுக்கு முன்னால் மணல்மேடு மிச்சமிருக்கும் இடங்களில், அந்தச் சுடுமணல் மேலேயே அடம்பங்கொடி பச்சைப்பசேலென்று படர்ந்து கிடக்கும். காலையில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த புனல் வடிவப் பூக்களை விரித்து, வெயில் ஏறியபின் சுருக்கிக்கொள்ளும். யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதும் இல்லை.

காவிரியின் கடைமடையில், அரசலாறு கடலில் கலக்கும் ஊரில் வறட்சியைத் தாங்கும் செடி எதற்கு என்று தோன்றலாம். காரைக்காலுக்கு மழை குறைவில்லை. ஆனால் அதன் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. கொட்டியதையும் கடற்கரை மணல் பிடித்து வைப்பதில்லை. வயல் மண்ணில் நாள்கணக்கில் நிற்கும் ஈரம் இங்கே விரைவில் அடியாழத்துக்குப் போய்விடும். போதாததற்கு, காற்றில் வரும் உப்புச் சாரல் இலைகளைக் கருக்குகிறது. தோட்டத்துச் செடி எதைக் கொண்டுவந்து வைத்தாலும் ஒரு கோடையைத் தாண்டுவது கடினம்.

அடம்பு தாண்டுகிறது. சர்க்கரைவள்ளிக் கிழங்கின் நெருங்கிய உறவான இதன் தாவரவியல் பெயர் ஐபோமியா பெஸ்-காப்ரே. ஆணிவேர் ஆழமாக இறங்கி அடிமணலின் ஈரத்தைத் தேடும். தரையில் ஓடும் தண்டு கணுவுக்குக் கணு வேர்விட்டு, போகிற வழியெல்லாம் நீரை உறிஞ்சும். நடுவில் பிளந்த இலை தடிப்பானது, வழவழப்பானது. சாரல் எளிதில் அதைக் கருக்குவதில்லை. இலைக்காம்பின் நுனியில் தேன் சுரக்கும் சிறு சுரப்பிகள் உண்டு. அதைத் தேடி வரும் எறும்புகள், இலை தின்னும் பூச்சிகளை விரட்டுகின்றன.

கொடி செய்யும் பெரிய வேலை தரையோடு தரையாக நடக்கிறது. கடற்காற்று மணலை அள்ளிக்கொண்டு வரும்போது இலைப்பரப்பில் மோதி வேகம் இழக்கிறது, சுமந்து வந்த மணலை அங்கேயே போட்டுவிடுகிறது. மணல் மூடியதும் கொடி அதற்கு மேலே தலைதூக்கிப் படர்கிறது, மறுபடியும் மணல் சேர்கிறது. இப்படி ஆண்டுக்கணக்கில் உயர்வதுதான் மணல்மேடு. ஒரு தண்டைத் தனியாகப் பிடித்து இழுத்தால் எளிதாகக் கையோடு வந்துவிடும். பின்னிக் கிடக்கும் பரப்பை அசைப்பது வேறு கதை. ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்ற பழமொழி கடற்கரையில் வாழ்ந்தவர்கள் கண்ணால் கண்டு சொன்னது.

இதன் விதைகள் உப்புநீரில் மாதக்கணக்கில் மிதந்தும் முளைக்கும் திறனை இழப்பதில்லை. அதனால்தான் வெப்பமண்டலக் கடற்கரைகள் பெரும்பாலானவற்றில் இந்தக் கொடியைக் காணலாம். 1883-இல் இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா எரிமலை வெடித்துத் தீவின் உயிர்களை அழித்தது. 1897-இல் அங்கே சென்ற தாவரவியலாளர்கள் கரையோரம் அடம்பு படர்ந்திருந்ததைப் பதிவு செய்தார்கள்.

2004 டிசம்பர் 26 காரைக்காலுக்கு மறக்க முடியாத நாள். ஆழிப்பேரலையில் மாவட்டத்தின் மீனவ ஊர்கள் நூற்றுக்கணக்கானோரை இழந்தன. அந்த அளவு நீரை ஒரு கொடி தடுத்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் உயரமான மணல்மேடுகள் இருந்த இடங்களில் கடல் உள்ளே புகுந்த தூரம் குறைந்ததை நாகப்பட்டினம் கரையில் நடந்த ஆய்வுகள் காட்டின. அதற்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரையில் பாதுகாப்பு அரண் என்று சவுக்கு பெருமளவில் நடப்பட்டது. சில இடங்களில் அதற்காக மணல்மேடுகளே சமப்படுத்தப்பட்டதையும், சவுக்குச் சருகு மூடிய தரையில் கரையோரச் செடிகள் தழைக்காததையும் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். கரை தானாகவே வைத்திருந்த அரண் அங்கே கைவிடப்பட்டது.

வீட்டுத் தோட்டக்காரர்களின் கதையும் இதுதான். தரையை மூடிப் பூக்கும் செடி வேண்டும் என்றால் நர்சரியில் வெடேலியாவை எடுத்துக் கொடுக்கிறார்கள். மஞ்சள் பூப் பூக்கும் இந்த அமெரிக்கச் செடி, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருப்பது. வெளியூர்ச் செடி எங்குமே பொருந்தாது என்பதில்லை. பனி உறையும் குளிரும் வறட்சியும் சேர்ந்த அமெரிக்காவின் கொலராடோவில் தென்னாப்பிரிக்காவின் டெலோஸ்பெர்மா என்ற தரைபடர் செடி சிறப்பாகப் பூக்கிறது. அங்கே அது பொருத்தமான தேர்வு. காரைக்காலில் அதைத் தொட்டியில் வைத்துப் பாதுகாப்பதற்குப் பதில், அதே குடும்பத்தைச் சேர்ந்த செசுவியம் என்ற செடி கழிமுகச் சேற்றோரம் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடப்பதைப் பார்க்கலாம்.

கடலை ஒட்டிய மனை, மணல் நிறைந்த கொல்லை, பள்ளி வளாகம் ஆகியவற்றில் அடம்பை வளர்ப்பது எளிது. புரட்டாசிக் கடைசியில், மழை தொடங்கும் நேரம், முற்றிய தண்டில் மூன்று நான்கு கணுக்கள் இருக்கும்படி வெட்ட வேண்டும். இரண்டு கணுக்கள் மணலுக்குள் போகுமாறு சாய்த்துப் புதைத்து, ஒரு மீட்டர் இடைவெளி விட வேண்டும். வேர் பிடிக்கும் வரை ஈரம் போதும், உரம் தேவையில்லை. விதையிலிருந்து வளர்ப்பதானால், கெட்டியான மேலோட்டை உப்புத்தாளில் தேய்த்து இரவு முழுதும் நீரில் ஊறவைத்தால் முளைப்பு விரைவாகும். நிழலில் வைக்கக் கூடாது. காய்கறிப் பாத்திக்குப் பக்கத்திலும் வேண்டாம், எல்லை தாண்டி ஓடிவிடும்.

கடலிலிருந்து தள்ளியிருக்கும் வீடுகளுக்குப் பொடுதலை பொருந்தும். வாய்க்கால் வரப்புகளில் தானாக வளரும் இது, பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சப் பாட்டிமார் பறிப்பது. புல்தரையைப் போல் மண்ணை ஒட்டிப் படரும், நடமாட்டத்தைத் தாங்கும், சிறு வெண்பூக்களால் தேனீக்களை வரவழைக்கும். மயில் வசீகரன் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் இதன் இலையை உண்டு வளர்கின்றன. ஜப்பானில் இதே செடியிலிருந்து உருவாக்கிய குராப்பியா என்ற வகையை, தண்ணீர் தட்டுப்பாடுள்ள கலிபோர்னியாவில் புல்லுக்கு மாற்றாக விற்கிறார்கள். காரைக்காலில் அதன் தாய்ச்செடியை வரப்பிலிருந்து ஒரு பிடி பிடுங்கி வந்தால் போதும்.

2011, 2019 ஆண்டுகளின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் மணல்மேடுகளை உயர்பாதுகாப்பு பெறும் முதல் வகையில் சேர்த்திருக்கின்றன. சட்டம் மேட்டைக் காக்கும். மேட்டின் மேலிருக்கும் கொடியை ஊரார்தான் காக்க வேண்டும். கடற்கரையைத் தூய்மை செய்யும்போது நெகிழிப் பைகளையும் கிழிந்த வலைத் துண்டுகளையும் கையால் பொறுக்கி எடுத்து, கொடியை விட்டுவைக்கலாம். கடலுக்குப் போகும் வழியை ஒன்றிரண்டு தடங்களாகக் குறித்தால் மற்ற இடங்களில் கால் மிதி படாது. புதிதாக நடுகிறவர்கள் அலையோரத்து வெற்று மணலை முட்டையிட வரும் கடலாமைகளுக்கு விட்டுவிட்டு, மேட்டின் நிலப்பக்கச் சரிவிலிருந்து தொடங்க வேண்டும். ஐப்பசி மழையில் வேர் பிடித்த கொடி, பங்குனியில் காற்று திரும்பி மணலைக் கிளப்பும் வேளையில் வேலைக்குத் தயாராகிவிடும்.