அடிபட்ட பிக்கப் வண்டியை விற்கும்போது நாம் கவனிக்க வேண்டியவை

வேங்கிக்காலில் வேலூர் சாலையோரம் காலை நேரத்தில் நின்று பார்த்தால், காய்கறி, பூ, செங்கல் ஏற்றிச் செல்லும் ‘குட்டி யானை’களும் பிக்கப் வண்டிகளும் வரிசையாகப் போவதைக் காணலாம். இவற்றில் பல, ஒரு குடும்பத்துக்குப் பல வருடங்கள் சோறு போட்ட வண்டிகள். அப்படி உழைத்த வண்டி அடிபட்டோ, வெள்ளத்தில் நின்றோ பழுதாகி, விற்றே ஆக வேண்டும் என்ற நிலை வரும்போது மனம் கனக்கத்தான் செய்யும். அந்த அவசரத்தில் நம்மில் பலர் இரண்டு தவறுகளைச் செய்துவிடுகிறோம். ஒன்று, குறையை மறைப்பது. மற்றொன்று, பெயரை மாற்றாமல் வண்டியைக் கொடுத்துவிடுவது.

குறையைச் சொல்லி விற்போம்

பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிட்டால் பாடியின் நசுங்கல் மறைந்துவிடும். சேஸில் உள்ள விரிசல் மறைந்தாலும் போகாது. அந்த வண்டியில் லோடு ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்குபவரின் உயிர் அதில் இருக்கிறது. தண்ணீரில் நின்ற வண்டியும் அப்படித்தான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது ஊத்தங்கரையில் நிறுத்தியிருந்த வாகனங்களை வெள்ளம் இழுத்துச் சென்றதைப் பார்த்தோம். அப்படி நனைந்த வண்டிகளின் வயரிங் இணைப்புகள் மெல்ல மெல்லத்தான் அரிக்கும்; கோளாறு தலைகாட்டச் சில மாதங்கள்கூட ஆகலாம்.

மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த தானியக் குவியலை விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி நாம் அறிந்ததுதான். நனைந்த பகுதியை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டும் என்பதே அதன் பாடம். வண்டிக்கும் அது பொருந்தும்.

எனவே ஒரு மெக்கானிக்கிடம் காட்டி, எந்தெந்தப் பாகம் பழுது, எது மாற்றப்பட்டது, எந்த விபத்துக்கு இன்சூரன்ஸ் பணம் பெறப்பட்டது என்பதை எழுதிக்கொள்வோம். விற்பனை ஒப்பந்தத்தில் அதையும் சேர்த்து இருவரும் கையெழுத்திடுவோம். விலை கொஞ்சம் குறையும். பிறகு வாசலில் வந்து நிற்கும் சண்டை இருக்காது.

பெயரை மாற்றிக் கொடுப்போம்

2007இல் ஒருவர் தன் காரை விற்றார். ஆர்.சி.யில் பெயர் மாறவில்லை. கார் பல கை மாறியது. 2009இல் அது மோதியதில் ஒரு சிறுவன் இறந்தான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. வண்டியை விற்றுப் பல வருடம் ஆனாலும் நம் தலை தப்பாது என்பதே இதன் பொருள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவுப்படி, தமிழ்நாட்டுக்குள் விற்றால் விற்பவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இதற்கானவை 29, 30 எண் படிவங்கள். வெளி மாநிலத்துக்குப் போகும் வண்டிக்குத் தடையில்லாச் சான்றும் வேண்டும். கடன் முடிந்திருந்தால் வங்கியின் கடிதத்தோடு 35ஆம் படிவம் கொடுத்து அடமானப் பதிவை நீக்க வேண்டும். எஃப்.சி., வரி, அபராத பாக்கி ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

பெயரும் தேதியும் நிரப்பாத படிவங்களில் கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு வரவே கூடாது. சாவியைக் கொடுக்கும்போது தேதி, நேரம், ஓடிய கிலோமீட்டர் ஆகியவற்றை எழுதிக் கையெழுத்து வாங்கி, வாங்குபவரின் அடையாள அட்டை நகலோடு வைத்துக்கொள்வோம். இன்சூரன்ஸைத் தன் பெயருக்கு மாற்ற வாங்குபவர் 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அதையும் நினைவூட்டுவோம்.

ஓட்டவே முடியாத வண்டி என்றால்

இனி சாலைக்கு லாயக்கில்லை என்று ஆகிவிட்ட வண்டியைப் பழைய இரும்புக்கு அப்படியே தள்ளிவிடக் கூடாது. 55ஆவது பிரிவின்படி ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, ஆர்.சி.யை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அதன் எண்ணும் சேஸ் நம்பரும் வேறொரு வண்டியில் ஏறி, நம் பெயரிலேயே ஓடக்கூடும்.

நமக்குச் சோறு போட்ட வண்டி இன்னொருவர் வீட்டுக்கும் சோறு போடட்டும். அவர் அதன் குறையை அறிந்து, தன் பெயரில் ஓட்டினால்தான் அது நடக்கும்.