வீடு மாறும்போது மண்ணுக்குள் எதை விட்டுச் செல்கிறோம்?

ஜனவரி பிறந்தால் ஆசிரியர் இடமாற்றங்கள் அமுலுக்கு வரும். பாலாவி – கல்பிட்டி வீதியில் மெத்தை, அலுமாரி, பானை சட்டிகளோடு லொறிகள் ஓடத் தொடங்கும். நானும் இப்படி நான்கு தடவை வீடு மாறி, இப்போது தலவிலவில் வாடகைக்கு இருக்கிறேன். வீடு மாறும் செலவைக் குறைக்கும் வழிகளில் பெரும்பாலானவை குப்பையையும் குறைக்கின்றன என்பது எனது அனுபவம்.

இடம்பெயர்வு எமது மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலானோர் புத்தளத்தில்தான் கிடுகுக் கொட்டில்களில் வாழ்வைத் தொடங்கினர். எதை எடுப்பது, எதை விடுவது என்று யோசிக்க அவர்களுக்கு அவகாசம் தரப்படவில்லை. எமக்கு அந்த அவகாசம் இருக்கிறது. இருந்தும், கடைசி இரவில் எல்லாவற்றையும் பொலித்தீனில் சுருட்டிக் கட்டிவிட்டு, மிஞ்சியதை வளவுக்குள் புதைப்பதோ எரிப்பதோதான் பலரது வழக்கம்.

இந்தக் கரையோரத்தில் அது ஆபத்தான வழக்கம். இங்குள்ளது மணல் தரை. மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்புநீருக்கு மேலே நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. கிணற்றில் நாம் அள்ளுவது அதைத்தான். புதைத்த பட்டரியின் ஈயத்துக்கும், உடைந்த சிஎஃப்எல் மின்குமிழின் பாதரசத்துக்கும் அந்த நீர் அதிக தூரத்தில் இல்லை. எரிப்பதும் தீர்வல்ல. பிளாஸ்டிக் உட்பட குப்பைகளைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 செப்டெம்பரிலிருந்து சட்டப்படி தடை.

அப்படியானால் என்ன செய்யலாம்?

ஒரு மாதத்துக்கு முன்பே சாமான்களைப் பிரியுங்கள்: எடுத்துச் செல்வது, கொடுப்பது, விற்பது. ஏற்றி இறக்கும் கூலி ஒரு பொருளின் பெறுமதியை விட அதிகமென்றால், அதை அயலவருக்குக் கொடுப்பதே இலாபம். இரும்பு, போத்தல், பழைய கொப்பிகளை வாங்க ஆட்கள் வருகிறார்கள். பழைய வாகன பட்டரிக்கும் விலை உண்டு. சிஎஃப்எல் குமிழ்களை உடையாமல் தனியே பெட்டியில் வையுங்கள்.

பொதி செய்யப் புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லை. கடைகளில் காட்போட் பெட்டி கிடைக்கும். துணிமணிக்குக் கழுவிக் காயவைத்த உரப்பை போதும். பீங்கான், கண்ணாடிச் சாமான்களைச் சாரத்திலும் துவாயிலும் சுற்றுங்கள். அவற்றை எப்படியும் கொண்டுபோகத்தானே வேண்டும்!

அதிக செலவு வாகனத்துக்குத்தான். கல்பிட்டியிலிருந்து மரக்கறியும் கருவாடும் ஏற்றிச் செல்லும் லொறிகள் பல, வெறுமையாகத் திரும்பி வருகின்றன. இந்தப் பக்கம் குடிவருபவர்கள் அவற்றின் சாரதிகளிடம் முன்கூட்டியே பேசினால் வாடகை குறையும். எப்படியும் எரியப்போகும் டீசலில் உங்கள் சாமானும் வந்து சேரும். கிட்டிய தூரத்துக்கு ஒரு பட்டா வாகனமோ லேண்ட் மாஸ்டரோ போதும். ஒரே பக்கம் மாற்றலாகும் இரு குடும்பங்கள் ஒரு லொறியைப் பகிரலாம். தலவில புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழா நடக்கும் மார்ச், ஆகஸ்ட் நாட்களைத் தவிருங்கள். அந்நாட்களில் வீதி நெரிசலில் நேரமும் எரிபொருளும் வீணாகும்.

2017 ஏப்ரல் 14 இல் மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து 32 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னர் கொழும்புக் குப்பையை அருவக்காட்டுக்குக் கொண்டுவரும் திட்டம் வேகம் பெற்றபோது, புத்தளம் மக்கள் இன, மத வேறுபாடின்றி வீதிக்கு இறங்கினர். மற்றவர் குப்பை எமது மண்ணுக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை எமக்கு உண்டு. அதே உரிமை, நாம் விட்டுப்போகும் வீட்டுக்கு அடுத்ததாகக் குடிவரும் குடும்பத்துக்கும் உண்டு. அந்தக் கிணற்றில் நாளை அவர்கள்தான் தண்ணீர் அள்ளப்போகிறார்கள். திறப்பைக் கையளிக்கும் முன்னர் வளவை ஒருதடவை சுற்றிப் பாருங்கள்.